எஸியின் நேர்முகத் தேர்வுக்கு எல்லோரும் போனோம்

இத்தாலியில், பலெர்மோ மத்திய ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், முன்பின் தெரியாத ஒருவரோடு பெட்டி இழுத்துச் சண்டை பிடித்தது.

ஷரோன் கூட்டிக்கொண்டு போக வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். என் தங்கை றெஜினாவின் மகள். பலெர்மோவில் பிறந்தவள், அங்கேயே பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் வருடம். மேடையில் நின்று அவளுடைய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆறடிக்கும் மேல் உயரமான ஒரு கறுப்பின இளைஞன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே என்னிடம் வந்து என் பெட்டியின் கைபிடியைப் பிடித்தான். நான் விடவில்லை. அவனும் விடவில்லை. "ஐயோ, விடடா!" என்று தமிழில் கத்தினேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்ற நிம்மதி. "வணக்கம் பெரியம்மா. நான் லமீன். ஷரோன் சோதினை. வாங்கோ" என்றான், பாடமாக்கிய வரியை ஒப்புவிப்பதுபோல. ஷரோனுக்கு அன்று பரீட்சையாம்.

கைபிடியை விட்டேன். பெட்டிக்குள் இருந்தது மிளகாய்த்தூளும் புட்டு மாவும் ஒடியலும். அவற்றுக்காகத்தான் அந்தப் பாடு பட்டிருக்கிறேன். வெட்கம் காது வரைக்கும் ஏறியது. லமீன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பஸ் தரிப்பில் ஒரு மின்பலகை இருந்தது. எட்டு நிமிடத்தில் பஸ் வரும் என்றது. அரை மணித்தியாலம் கழித்தும் எட்டு நிமிடம் என்றே சொன்னது. யாழ்ப்பாணத்தில் பஸ் எப்போது வரும் என்று யாரும் எழுதிப் போடுவதில்லை. அதனால் யாரும் பொய் சொல்வதுமில்லை. காத்திருந்த நேரத்தில் லமீன் எனக்கு ஒரு அரஞ்சினா வாங்கித் தந்தான். சோற்றை உருண்டையாக்கி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்தது. எங்கள் கட்லட் நன்றாகத் தின்று வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியை அவன் கூச்சமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டான். பெட்டிச் சண்டை அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வந்தது றெஜினாவின் கைக்காக. லிபெர்த்தா பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், வசதியான இத்தாலிய அம்மாவின், வீட்டில் அவள் வேலை செய்கிறாள். ஈரப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் பத்துப் போட்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் தண்ணீர் விநியோகப் பகுதியில் பொறியியலாளர். மூன்று வாரம் லீவு எடுத்துச் சமைத்துப்போட வந்தேன். அந்த மூன்று வாரமும் சிஞ்ஞோரா நாளுக்கு இரண்டு தடவை போன் எடுத்து, தன் வீட்டுச் சலவை இயந்திரத்தை எப்படி ஓட விடுவது என்று றெஜினாவிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். றெஜினா கதிரையில் சாய்ந்து, பத்துப் போட்ட கையை மடியில் வைத்து, மிகுந்த திருப்தியோடு பதில் சொல்வாள்.

அவர்கள் வீடு ஒரேத்தோவில், நான்காம் மாடியில். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் பேச்சு லமீனிடம் வந்தது. றெஜினாவின் கணவர் அன்ரன் மன்னாரைச் சேர்ந்தவர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் வேலை.

"நல்ல பிள்ளையள்தான், மச்சாள். நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை" என்று தொடங்கினார். "ஆனா கறுப்புப் பிள்ளையளின்ர சங்கத்தில இவளுக்கு என்ன வேலை?"

"நாங்கள் என்ன வெள்ளையோ அப்பா?" என்றாள் ஷரோன்.

றெஜினா சிரித்தாள். அன்ரன் சிரிக்கவில்லை. "அதுக்கில்லை. அவைக்கே இஞ்சை வேலை குடுக்க மாட்டினம். அவையோட நிண்டா உனக்கும் குடுக்க மாட்டினம். இஞ்சினியருக்குப் படிச்ச எங்கட ஆக்கள் ஆர் இஞ்சை அந்த வேலை செய்யினம்? சொல்லுங்கோ மச்சாள் பாப்பம்."

எனக்கு யாரைத் தெரியும்? அன்று பின்னேரம் நானே ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள். அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி?

பிறகு குசினியில் பாத்திரம் கழுவும்போது ஷரோன் எனக்கு மட்டும் சொன்னாள். முதல் வருடக் கணிதத்தில் இரண்டு தடவை தவறியிருக்கிறாள். வீட்டுக்குத் தெரியாது. படிப்பை விட்டுவிடுவோம் என்றே நினைத்திருக்கிறாள். "அப்ப சங்கத்து எஸி வந்து என்ர பக்கத்தில இருந்தவ, பெரியம்மா. மூண்டு மாசம், ஒவ்வொரு நாளும் கன்டீனில. மூண்டாந் தரம் பாஸ். நான் அவையளின்ர ஆள் இல்லையெண்டு அவை ஒருநாளும் சொல்லேல்லை."

வியாழக்கிழமை அவள் என்னைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தாய், பெரியம்மா, தாய்!" என்று படியில் நின்று கத்தினாள். நான் தாயா பெரியம்மாவா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். இத்தாலியில் அப்படிச் சொன்னால் 'கெதியா வா' என்று அர்த்தமாம்.

பல்லரோ சந்தையைத் தாண்டிப் போனோம். வழியில் கடலைமாவைக் கூழாக்கி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்து, பாண் ரொட்டிக்குள் வைத்து விற்றார்கள். வடையைப் பாணுக்குள் வைத்துத் தின்கிற ஊரில் எனக்குப் பயம் ஒன்றும் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சங்கத்துக்கு ஒரு மாதா கோயிலின் பின்னறையைக் கொடுத்திருந்தார்கள். ஞானோபதேசம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கான கதிரைகள். அவற்றில் பதினைந்து பேர் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கானா, நைஜீரியா, செனகல், ஐவரி கோஸ்ட் என்று பெற்றோரின் ஊர்கள். பாதிப் பேர் பலெர்மோவிலேயே பிறந்தவர்கள். லமீனைப்போலச் சிலர் பதினாறு பதினேழு வயதில் தனியாகக் கடல் கடந்து வந்தவர்கள். எல்லோரும் பொறியியல் மாணவர்கள். சங்கத்தின் பெயர் 'கியாவே'. இத்தாலியில் பூட்டுத் திறக்கும் திறப்புக்கும் அதுதான் சொல், ஸ்பானருக்கும் அதுதான் சொல் என்றார்கள்.

சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. யாருக்கு எந்த நாள் சோதினை, யாருக்கு எந்த நாள் வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்தில் வரிசை. இரண்டும் ஒரே நாளில் வந்தால், சோதினை எழுதிவிட்டு அவர் ஓடி வரும்வரை வரிசையில் இடம்பிடித்து நிற்பது யார் என்று மூன்றாவது நிரல். பழைய புத்தகங்கள் ஒரு அலுமாரியில். என் வகுப்பில் நாங்கள் மூன்றே மூன்று பெண்கள். எங்களுக்கு இப்படி ஒரு சுவர் இருந்திருந்தால் என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று அவர்களுக்கு ஒரு முக்கிய வேலை. மறுநாள் எஸிக்கு நேர்முகத் தேர்வு. சின்ன உருவம், இறுக்கிப் பின்னிய தலை, கடைசி வருடம். பெரிய குளிர் அறைகள் கட்டும் ஒரு கம்பனியில் ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு வேலை கிடைக்கலாம். சங்கத்திலிருந்து இதுவரை யாரும் அந்தக் கதவுக்குள் போனதில்லை. தெரியாத ஆள் ஒருவர் கேள்வி கேட்டால் நல்ல பயிற்சி என்று என்னை மேசைக்குப் பின்னால் இருத்தினார்கள்.

ஆனால் முதல் ஒத்திகை என்னிடம் இல்லை. லமீன் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தான். எஸி வெளியே போய்த் திரும்பி வந்தாள்.

"துப்புரவு ஆட்கள் பின்பக்கம்" என்றான் லமீன், நிமிர்ந்தும் பாராமல். ஷரோன் என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

"காலை வணக்கம். எனக்குப் பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. தயவுசெய்து உள்ளே போன் செய்து கேளுங்கள்" என்றாள் எஸி. மூன்று தடவை அவளைத் திருப்பி அனுப்பினான். மூன்று தடவையும் அதே குரலில் அதையே சொன்னாள்.

"இது என்ன விளையாட்டு?" என்று ஷரோனிடம் கேட்டேன்.

"விளையாட்டில்லை பெரியம்மா. போன வருசம் லமீனுக்கு நடந்தது. வாசல்காரன் கை காட்டின பக்கம் போயிருக்கிறான். அங்கை ஒராள் கையுறையும் வாளியும் குடுத்திட்டார். இவன் மரியாதையா வாங்கிக்கொண்டு நிண்டிருக்கிறான். விசயம் விளங்கி முன்பக்கம் போகேக்கை கேள்வி கேக்க இருந்தவர் வீட்டை போயிட்டார்."

தன் கதை சொல்லப்படுகிறது என்று விளங்கியதும் லமீன் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல நடித்துக் காட்டினான். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்துதான் ஒரு விதி வந்ததாம். நேர்முகத் தேர்வுக்கு யாரும் தனியாகப் போவதில்லை. வாசல்வரை ஆட்கள் போவார்கள்.

பிறகு என் முறை. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "மன்னிக்கவும், குளிராது" என்று தொடங்கினாள். உடனே பின்னால் இருந்து ஒருவன் ஸ்பானரால் மேசையில் ஓங்கித் தட்டினான். தேவையில்லாமல் மன்னிப்புக் கேட்டால் ஒரு தட்டு. முதல் கால் மணியில் பதினொரு தட்டு விழுந்தது. முடியும்போது ஒன்றும் விழவில்லை. அறை ஏன் சூடாகும் என்று அவள் விளக்கிய விதத்தில் நானே புதிதாக ஒன்றைக் கற்றேன்.

"உங்களிடம் முதல் நேர்முகத்தில் என்ன கேட்டார்கள்?" என்று எஸி கேட்டாள்.

சேலையோடு தண்ணீர்த் தாங்கியில் ஏறுவீரா என்று கேட்டார்கள் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை, வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏறிக் காட்டினேன் என்றேன். பின்னறை அதிரக் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து அதற்குக் கிடைத்த முதல் கைதட்டு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரயில் நிலைய வாசலில் ஆறு பேர் கூடினோம். அன்று பஸ் வேலைநிறுத்தம் என்று முன்பே தெரியும். ரயில் ஓடும் என்று நம்பியிருந்தோம். ரயிலும் ஓடவில்லை. அந்தக் கம்பனி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கும் அப்பால், கைத்தொழில் பேட்டையில். டாக்சி எண்கள் எல்லாம் பாட்டுப் பாடின. ஆள் எடுக்கவில்லை. எஸி இளநீல மேற்சட்டையில் ஆடாமல் நின்றாள். கைகள் மட்டும் கோப்பின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. ஒன்பதாகிவிட்டது.

"பெரியம்மா, அப்பாட்டை நீங்கள் கேளுங்கோ" என்றாள் ஷரோன். "நான் கேட்டா வரமாட்டார்."

அன்ரன் அந்த நேரம் உணவகத்துக்கு மீன் வாங்கத் துறைமுகப் பக்கம் நிற்பார் என்று தெரியும். போன் எடுத்துச் சொன்னேன். மறுபக்கத்தில் யாரோ றாலின் விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினை மணிக்கு?" என்றார் அன்ரன் கடைசியில்.

"பதினொண்டுக்கு."

"எங்கை நிக்கிறியள்? அசையாதேங்கோ, வாறன்."

வந்தது மீன் வண்டி. குளிரூட்டிய வெள்ளைப் பெட்டி வண்டி, முன்னால் மூன்று ஆசனம். அன்ரன், நடுவில் எஸி, ஓரத்தில் நான். ஷரோனும் லமீனும் பின்னால் கணவாய்ப் பெட்டிகளுக்கிடையே ஏறினார்கள். சட்டத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மற்ற இருவரும் நிலைய வாசலில் நின்று, வண்டி மறையும்வரை இரண்டு கையாலும் விடைகொடுத்தார்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் எஸி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அன்ரனிடம் ஏதோ சொன்னாள். "மச்சாள், மேல இருக்கிற குளிரூட்டியின்ர விசிறி போகப் போகுதாம். சத்தத்தில தெரியுதாம்" என்று அன்ரன் எனக்கு மொழிபெயர்த்தார். "அது ரெண்டு வருசமா அப்பிடித்தான் கத்துது." அதை எஸியிடமும் சொன்னார். எஸி தோளைக் குலுக்கினாள்.

உன் அப்பா என்ன செய்தவர் என்று அன்ரன் கேட்டார். கானாவில் கடற்கரை ஊர், மீன்பிடித் தொழில் என்றாள் எஸி. அன்ரன் வண்டியின் வேகத்தைக் குறைத்து அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மன்னாரில் அவருடைய அப்பாவும் அதேதான். அதற்குப் பிறகு எனக்கு மொழிபெயர்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. வலை, சாளை, காற்று என்று இருவரும் கைகளால் கதைத்தார்கள். ஸ்டியரிங்கை யார் பிடிக்கிறார்கள் என்று நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பனி வாசலில் நின்றோம். எஸி இறங்கிச் சட்டையை நீவிக்கொண்டு காவல் கூண்டுக்குப் போனாள். உள்ளே இருந்தவர் அவளைப் பார்த்தார், பின்னால் மீன் வண்டியைப் பார்த்தார், கையை நீட்டி மதிலின் பக்கவாட்டைக் காட்டினார். அவர் சொன்னதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எஸி ஒத்திகையின் குரலிலேயே பதில் சொன்னாள். அவர் மறுபடி கை காட்டினார். அவள் மறுபடி சொன்னாள். அதற்குள் என் பக்கத்தில் அன்ரன் யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுவிட்டார். "இஞ்செஞ்ஞேரே எ!" என்று கத்தினார். சிசிலிக்காரர் எங்களைப்போல வினையைக் கடைசியில் வைத்துப் பேசுவார்கள். "இஞ்சினியராக்கும்!" என்பதை அப்படியே சிசிலியில் சொல்லிவிட்டார்.

எஸி திரும்பாமலே கையை உயர்த்தி அவரை அடக்கினாள். 'கொஞ்சம் பொறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற கை. பிறகு மூன்றாம் தடவையாக அதே வாக்கியத்தைச் சொன்னாள். காவலாளி ரிசீவரை எடுத்தார். கேட்டார், எழுந்து நின்றார், முன் தடுப்பை உயர்த்தினார். எஸி நடுவழியால் நடந்து போனாள்.

பின் கதவைத் திறந்தபோது ஷரோனும் லமீனும் பற்கள் கிடுகிடுக்க இறங்கினார்கள். "போயிட்டாவோ? முன்பக்கத்தாலயோ?" என்பதுதான் ஷரோனின் முதல் கேள்வி.

அன்ரன் போய் மீனை இறக்கிவிட்டு வருகிறேன் என்றார். திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரை மணியில் வந்தார், பொரித்த நெத்தலி வைத்த பாண்கள் ஐந்தோடு. லமீனுக்குக் கொடுக்கும்போது, "குளிரோ?" என்று தமிழிலேயே கேட்டார். "ஓம்" என்றான் லமீன்.

வெயிலில் மதில் ஓரமாக நின்று சாப்பிட்டோம். அன்ரன் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "இருபத்தைஞ்சு வருசம் மச்சாள். எந்த வீட்டை போனாலும், எந்தக் கந்தோருக்குப் போனாலும், கை காட்டின பக்கம் போவன். அது எனக்குப் பழகிப் போச்சு. நிண்டு கேக்கலாம் எண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை." அவர் மீன் முள்ளைத் துப்பிவிட்டு வண்டியின் விசிறியைப் பார்க்கப் போய்விட்டார்.

எஸி ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தாள். "நீங்கள் கேட்ட ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்கவில்லை" என்றாள் முதல் வேலையாக. அவள் உட்கார்ந்ததும் ஒருவர் எழுந்து யன்னலைத் திறந்தாராம். மீன் மணம். வேலைநிறுத்தத்தையும் மீன் வண்டியையும் சொல்ல வேண்டியதாயிற்று. கூடவே அந்த விசிறியின் சத்தத்தையும் சொன்னாளாம். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் விசிறியைப் பற்றித்தான் பேச்சு. "எடுப்பார்களா?" என்றான் லமீன். "தெரியாது" என்றாள். ஒரு பாணை இரண்டே கடியில் முடித்தாள்.

திங்கட்கிழமை அந்த விசிறி நின்றுபோனது. அன்ரன் வீட்டுக்கு வந்து அதை ஏதோ நல்ல செய்திபோலச் சொன்னார். பிறகு, "நாளைக்கு எனக்கு லீவு. அந்தப் பிள்ளையளைச் சாப்பிடக் கூப்பிடு" என்றார் ஷரோனிடம்.

புட்டும் கணவாய்க் கறியும் சொதியும் வைத்தேன். றெஜினா குசினிக் கதிரையிலிருந்து பத்துப் போட்ட கையால் கட்டளையிட்டாள். எஸியும் லமீனும் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு கேள்வியும் கேட்காமல் கையால் சாப்பிடத் தொடங்கினார்கள், எங்களைவிட வடிவாக. மேசையில் முள்ளுக்கரண்டி வைத்திருந்தது எங்கள் ஷரோன் ஒருத்திதான். றெஜினா அதை அவளுக்குச் சொல்லிக் காட்டாமல் விடவில்லை.

இரண்டாம் தடவை கறி போடும்போது எஸியின் போன் ஒரு தடவை சிணுங்கியது. மின்னஞ்சல். அவள் விரல்கள் எல்லாம் கறி. "நீ வாசி" என்று போனை முழங்கையால் ஷரோனிடம் தள்ளினாள்.

ஷரோன் மனதுக்குள் வாசித்தாள். கண்கள் கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே போயின. "சம்பளத்தோட ஆறு மாசம்" என்றாள் முதலில் தமிழில், பிறகு இத்தாலியில். "வாற மாசம் தொடங்கட்டாம். ரெண்டு விசயம் உடனே அனுப்பட்டாம். வரி இலக்கம். மற்றது சப்பாத்து அளவு."

"சப்பாத்து ஏன்?" என்றாள் றெஜினா.

"இரும்பு வைச்ச சப்பாத்து, அம்மா. தொழிற்சாலைக்குள்ள இஞ்சினியர்மார் போடுறது. அவையே வாங்கி வைப்பினமாம்."

லமீன் மேசையைக் கையால் ஓங்கி அடித்தான். சொதி தளும்பியது. எஸி அழவில்லை. குனிந்து மேசைக்கடியில் தன் கால்களைப் பார்த்தாள், முதல் தடவை பார்ப்பவள்போல. பிறகு இடது கையால் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அம்மா எங்கோ ஒரு கட்டிடத்தில் தரை துடைக்கும் வேலையில் நின்றார். போனுக்குள்ளிருந்து வந்த கூவலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. கூவலுக்கு நடுவே, "முப்பத்தாறு! ஆனால் முப்பத்தேழு சொல்லு, தடித்த காலுறை போடவேண்டும்!" என்று அந்தத் தாய் ஆங்கிலத்தில் கத்தியது எனக்கே விளங்கியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் கதைத்துக்கொண்டிருந்தோம். அன்ரன் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டைக் குழைத்தபடி இருந்தார்.

"ஷரோன்" என்றார். "உன்ர அளவு என்ன?"

"என்ன அளவப்பா?"

"சப்பாத்து."

ஷரோன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பத்தெட்டு, அப்பா."

"முப்பத்தெட்டு" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்து, லமீனின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கணவாய் போட்டார்.